பிரயாக் கோட்டைக்கு அசோகர் தூண் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

அலகாபாத் (இப்போதைய பிரயாக்ராஜ்) கோட்டைக்குள் அசோகர் தூண் ஒன்று நிற்கிறது. நம்மைப் போன்ற சாதாரணப் பயணிகள் அதைப் பார்க்க முடியாது. இந்த இரண்டு வரியை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் எனக்கு நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் மிஞ்சியிருக்கும். டிசம்பர் குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல், போன் இல்லாமல், கையில் பத்து பைசா இல்லாமல் ஆற்று மணலில் அலைந்திருக்கவும் வேண்டாம். போவதற்கு முன் நான் பார்த்த வீடியோக்களிலெல்லாம் கோட்டையைப் படகிலிருந்துதான் காட்டினார்கள். டிராவல்ஸ்காரர்களோ கோட்டை, அட்சயவடம் என்கிற ஆலமரம், அசோகர் தூண் என்று ஒரே மூச்சில் அடுக்குகிறார்கள். அந்த வரிசையில் எது திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அதனால்தான் இதை இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறேன்.

நம் ஊர்க்காரர்கள் பிரயாகைக்குப் போவது பெரும்பாலும் திரிவேணி ஸ்நானத்துக்கும், வேணி தானத்துக்கும், ராமேஸ்வரத்து மணலைச் சங்கமத்தில் கரைப்பதற்கும். நான் போன காரணம் வேறு. எனக்குக் காஞ்சிபுரம். கல்வெட்டுப் பைத்தியம் கொஞ்சம் உண்டு. அந்தத் தூணில் எங்கள் ஊர் பெயர் இருக்கிறது. முதலில் அசோகரின் ஆணைகள், பிராமி எழுத்தில். பக்கத்துப் பழைய நகரமான கௌசாம்பியின் அதிகாரிகளுக்கு எழுதிய ஆணை ஒன்று, அசோகரின் ராணி காருவாகி கொடுத்த தானங்களைப் பற்றிய ஆணை ஒன்று. அதற்கு ஐந்நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, அதே கல்லில் குப்தப் பேரரசன் சமுத்திரகுப்தனின் வெற்றிகளை அவனுடைய அவைப்புலவர் ஹரிசேனர் சமஸ்கிருதத்தில் பாடி வைத்திருக்கிறார். தெற்கே வந்து பிடித்து, பிறகு விடுவித்த 12 அரசர்களின் பட்டியல் அதில் வருகிறது. அதில் ஒருவர் ‘காஞ்சேயக விஷ்ணுகோப’, அதாவது காஞ்சியின் பல்லவ அரசன் விஷ்ணுகோபன். அதற்கும் மேலே 1605இல் ஜஹாங்கீர் தன் முன்னோர் பெயர்களைப் பாரசீகத்தில் வெட்டியிருக்கிறார், அசோகரின் சில வரிகளைச் சிதைத்துவிட்டு. பத்தரை மீட்டர் உயரக் கல் ஒன்றில் மூன்று அரசர்கள் எழுதியிருக்கிறார்கள். படித்த நாளிலிருந்து அதன் முன்னால் ஒரு தடவை நின்றுவிட வேண்டும் என்று ஆசை.

வீட்டில் யாருக்கும் இதில் ருசி கிடையாது. “ஒரு கல்லைப் பாக்க உத்தரப்பிரதேசம் வரைக்குமா?” என்றார்கள். சரி என்று தனியாகவே கிளம்பினேன். சென்னையிலிருந்து கங்கா காவேரி எக்ஸ்பிரஸ். இதில் முதல் விஷயம்: அந்த ரயில் பிரயாக்ராஜ் ஜங்ஷனுக்குள் போகாது. செயோக்கி என்ற ஸ்டேஷனில் நிற்கும். அது யமுனைக்குத் தென்கரையில், நைனி பக்கம் இருக்கிறது. ஊருக்குள் வரப் பாலம் தாண்ட வேண்டும். ஜங்ஷன் பக்கத்தில் அறை எடுத்திருந்தால் ஆட்டோ செலவையும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். இரண்டாவது, டிசம்பர், ஜனவரியில் அங்கே பனிமூட்டம் இறங்கினால் ரயில்கள் எத்தனை மணி நேரம் தாமதமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. என் ரயில் வர வேண்டிய நேரம் ஒன்று, வந்த நேரம் வேறு. வந்திறங்கும் அன்றைக்கே எந்த ஏற்பாட்டுக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.

பாலத்தில் ஆட்டோ ஏறும்போது இடது பக்கம் பனி, வலது பக்கமும் பனி. கோட்டை எங்கே என்று கேட்டேன். டிரைவர் வலது பக்கம் கையைக் காட்டிவிட்டு, “தெரியாது, ஆனா இருக்கு” என்றார். மறுநாள் அதையே நினைத்துக்கொண்டேன்.

தங்கிய இடத்தின் முன்மேசையில் இருந்தவர்தான் கைடை ஏற்பாடு செய்தார். “கோட்டைக்குள்ள போறது சுலபமில்ல மேடம், மிலிட்டரி ஏரியா. நம்ம ஆள்கிட்ட பாஸ் இருக்கு. அசோகர் தூண், அக்பர் அரண்மனை, அட்சயவடம், சரஸ்வதி கூபம்ங்கற கிணறு, படகு எல்லாம் சேத்து நாலாயிரம். இப்ப ரெண்டாயிரம் அனுப்பிடுங்க.” நான் தூணைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். தூணைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாமா? “ஆமா.” எழுத்து தெரிகிற தூரத்தில்? “தொட்டே பாக்கலாம்.” பணத்தை அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு, வாட்ஸாப்பில் ‘ஓகே’ என்று ஒரு செய்தி வந்தது. அவ்வளவுதான்.

உண்மை நிலவரம் இதுதான். அக்பர் 1583இல் கட்ட ஆரம்பித்த கோட்டை இது. அவர் கட்டிய கோட்டைகளிலேயே பெரியது. 1798இல் அவத் நவாப் கையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. அங்கிருந்து ஆங்கில ராணுவம், சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய ராணுவம். ஆக்ரா கோட்டை மாதிரி டிக்கெட் கொடுத்து உள்ளே விடுகிற இடம் இல்லை. உள்ளே ராணுவத்தின் ஆயுதக் கிடங்கு இருக்கிறது. பொதுமக்களுக்குத் திறந்திருப்பது கிழக்குப் பக்கச் சிறு வாசல் வழியாகப் போகிற பாதாளபுரி கோயில், அட்சயவடம், சரஸ்வதி கூபம் இவ்வளவுதான். அட்சயவடமே 2019 ஜனவரியில்தான் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. 2025 மகா கும்பமேளாவுக்காக அங்கே புது நடைபாதை அமைத்தார்கள். அதைப் பிரதமர் 2024 டிசம்பரில் திறந்துவைத்தார். தூணும் அரண்மனையும் ராணுவப் பகுதிக்குள். ராணுவத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்காமல் யாரும் அங்கே போக முடியாது. அந்த அனுமதி எந்த கைடின் சட்டைப்பையிலும் இருக்காது. உங்கள் பெயரில் எழுத்தில் இருந்தால்தான் அது அனுமதி. ‘என்கிட்ட பாஸ் இருக்கு’ என்று யார் சொன்னாலும், பணத்தை எடுப்பதற்கு முன்னால் அந்தப் பாஸைக் காட்டச் சொல்லுங்கள்.

காலையில் கைடு வந்தார். முப்பது வயசிருக்கும், கழுத்தில் ஒரு அடையாள அட்டை, அதில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. மாநில, மத்திய அரசுகளின் சுற்றுலாத் துறைகள் உரிமம் பெற்ற கைடுகளுக்குப் புகைப்படத்தோடு அட்டை கொடுக்கின்றன. அதை வாங்கி நிதானமாகப் படிக்கலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. வண்டியைப் பரேட் மைதானத்துப் பக்கம் தூரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். மேளா வேலை ஆரம்பித்திருந்தது. மணலில் இரும்புத் தகடுகளை வரிசையாகப் போட்டு ரோடு ஆக்கிக்கொண்டிருந்தார்கள், மிதவைப் பாலத்துக்கான பெரிய பெரிய உருளைகள் கரையில் கிடந்தன. நல்ல நடை. முட்டி வலி உள்ளவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். கோட்டை வாசல் என்று சொல்கிற இடத்துக்கும் வண்டி நிற்கிற இடத்துக்கும் நடுவில் வயதானவர்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

வாசலுக்கு முன்னால் ஒரு பூக்கடை. கைடு, “உள்ள பை, போன், பர்ஸ் எதுவும் விட மாட்டாங்க. குடுங்க, நான் வெச்சிருக்கேன்” என்றார். ஸ்வெட்டரில் நிறைய பை இருக்கிறது, சோதனையில் நேரமாகும் என்று அதையும் கழற்றச் சொன்னார். நடந்து வந்ததில் எனக்கும் வேர்த்திருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் எனக்கு முன்னால் நின்ற குடும்பம் மொத்தமும் கையில் போனோடு நிற்கிறது. படம் எடுக்கக் கூடாது, அதுதான் விதி. காவலில் நின்ற ஜவான் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அங்கே ராணுவம் அன்றைக்கு என்ன சொல்கிறதோ அதுதான். ஆனால் அதை ராணுவத்தின் வாயால் கேளுங்கள், கைடின் வாயால் வேண்டாம். பையை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றாலும் அடையாள அட்டையும் கொஞ்சம் நோட்டும் உங்கள் உடம்போடு இருக்கட்டும்.

பாதாளபுரி என்ற பெயருக்கேற்ப அது தரைக்குக் கீழே. படி இறங்கினால் தாழ்ந்த கூரை, வரிசையாகத் தூண்கள், அவற்றுக்கு நடுவில் சுவரோரம் முழுக்க விக்கிரகங்கள். ஒவ்வொரு விக்கிரகத்துக்குப் பக்கத்திலும் ஒரு பண்டா, அதாவது அந்த ஊர்ப் புரோகிதர், உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் தட்டு. தட்டில் ஏற்கெனவே ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டும் இரண்டு நூறு ரூபாய் நோட்டும், யாரோ பக்தர் இப்போதுதான் போட்டுவிட்டுப் போன தோரணையில் விரித்து வைத்திருப்பார்கள். பத்து ரூபாய் போடுகிறவர் கை கூசட்டும் என்றுதான். என்னிடம் ஒரு பைசா இல்லாததால் எனக்கு அந்தச் சங்கடம் இல்லை. கை கூப்பிக் கூப்பி நகர்ந்துவிட்டேன். ஒருவர், “தக்ஷிணை இல்லாம தரிசனமா?” என்று முதுகுக்குப் பின்னால் சொன்னது கேட்டது. பல காலம் இந்தப் பாதாளபுரிக்குள் துணி சுற்றி வைத்திருந்த ஒரு மரத்துண்டைத்தான் அட்சயவடம் என்று யாத்திரிகர்களுக்குக் காட்டி வந்தார்கள். நிஜ மரம் யமுனைப் பக்கத்து மதிலை ஒட்டி இருக்கிறது. இப்போது அதையே பார்க்கலாம், அதைச் சுற்றி வரலாம். இன்னொன்று, கயாவிலும் ஒரு அட்சயவடம் உண்டு. காய், பழம் ஒன்றை விட்டுவிடுகிற வழக்கம் அங்கேதான். இங்கே வந்து ‘எந்தக் காயை விடணும்’ என்று விழித்துக்கொண்டிருந்த ஒரு தெலுங்கு தம்பதிக்கு என் அரைகுறை இந்தியில் விளக்கினேன்.

மரம் நன்றாக இருக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். சீனப் பயணி யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டில் இங்கே வந்தபோது, கோயில் முன்னால் ஒரு பெரிய மரம் இருந்ததையும், சொர்க்கம் கிடைக்கும் என்று ஜனங்கள் அதிலிருந்து குதித்து உயிரை விட்டதையும் எழுதியிருக்கிறார். கைடு அதைச் சொல்லவில்லை. அவர் சொன்னது, அக்பர் போன ஜன்மத்தில் முகுந்தன் என்ற பிராமண சந்நியாசி, பாலோடு சேர்த்து ஒரு பசு ரோமத்தை விழுங்கிவிட்ட பாவத்தால் மறுஜன்மத்தில் பாதுஷாவாகப் பிறந்தார் என்ற கதை. அந்த ஊரில் ரொம்ப நாளாகப் புழங்குகிற கதைதான், சுவாரஸ்யமாகவே சொன்னார். நான் தூணைப் பற்றிக் கேட்டேன். “வருது, வருது.”

திரும்பி வரும் வழியில் ஒரு இடத்தில் நின்று, தடுப்புக்கு அந்தப் பக்கம் மரங்களுக்கு மேலே கையை நீட்டினார். “அதோ பாருங்க, அசோகர் தூண்.” பார்த்தேன். இரும்புக் கம்பம். உச்சியில் விளக்கு. அது லைட் கம்பம் என்றேன். அதற்குப் பின்னால், என்றார். பின்னால் வானம்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற ஜவானிடமே கேட்டேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், “அனுமதிக் கடிதம் இருக்கிறதா? இல்லை என்றால் இந்தத் தடுப்பைத் தாண்ட முடியாது. நகருங்கள்” என்றார். அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. ஆயுதக் கிடங்குக்குள் போகிற வருகிறவர்களையெல்லாம் விட முடியுமா? ஆனாலும் ஒரு ஆதங்கத்தைச் சொல்லியாக வேண்டும். அசோகர், சமுத்திரகுப்தன், ஜஹாங்கீர் மூன்று பேரும் எழுதிய கல் இந்த நாட்டில் வேறு எங்கே இருக்கிறது? வாரத்துக்கு ஒரு நாள், அடையாள அட்டை பார்த்து, ராணுவத்தின் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டலாமே. வெள்ளைக்காரன் காலத்தில் அது கோட்டைக்குள் தரையில் சாய்ந்து கிடந்தது. 1838இல் நிமிர்த்தியபோது அதன் தலையில் வைக்கச் சிங்கம் ஒன்றைப் புதிதாகச் செய்தார்கள். அதைப் பார்த்த தொல்லியல் அறிஞர் கன்னிங்காம், கவிழ்த்துப் போட்ட பூந்தொட்டி மேல் பஞ்சடைத்த பூடில் நாய் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தார். அந்தச் சிங்கத்தையாவது பார்த்திருப்பேன்.

இந்த வருத்தத்தில் நான் பேசிக்கொண்டே வெளியே வந்து திரும்பினால் கைடு இல்லை. பூக்கடையில் கேட்டேன், தெரியாது என்றார்கள். என் பை, போன், பர்ஸ், ஸ்வெட்டர் எல்லாம் அவரிடம். வெயில் வரவில்லை, ஆற்றுக்காற்று எலும்புக்குள் போயிற்று. முதலில் கோபம்தான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பயம் வந்தது. தங்கிய இடத்தின் பெயர் தெரியும், தெரு தெரியாது. யாருடைய நம்பரும் மனப்பாடமாக இல்லை, வீட்டு நம்பர் உட்பட. படுத்த நிலையில் இருக்கிற அனுமார் கோயில் கோட்டை ஓரத்திலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் கங்கை ஏறி வந்து அவரை முழுக்காட்டும் என்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு நின்றேன். போலீஸ் உதவி மையத்தில் ஒருவர் பொறுமையாகத்தான் கேட்டார், ஆனால் கைடின் முழுப்பெயரைக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. யாரை அமர்த்தினாலும் அவருடைய அட்டையைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கைடின் நம்பரையும் வீட்டு நம்பரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உடுத்தியிருக்கும் துணியில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைக்குச் செய்கிற ஏற்பாடு என்று சிரிக்காதீர்கள்.

தலையைத் தூக்கிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: நம் ஊர்க் கோயில் விமானம். காஞ்சி காமகோடி மடம் சங்கமத்துக்குப் பக்கத்தில் கட்டிய சங்கர விமான மண்டபம். அடுக்கடுக்காக எழும்பிய திராவிடக் கட்டடம், அந்த மணல்வெளியில் எங்கிருந்தும் தெரியும். உள்ளே காமாட்சி சந்நிதி இருக்கிறது. அங்கே இருந்த அர்ச்சகர் ஒருவர் என்னைப் பார்த்ததுமே, “எந்த ஊரும்மா?” என்றார். காஞ்சிபுரம் என்று சொல்லும்போது தொண்டை அடைத்துவிட்டது. “முதல்ல உக்காருங்கோ, அப்புறம் பேசலாம்.” ஒரு சால்வை கொடுத்தார், சூடாகக் காபி வந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்ன யோசனைதான் என்னைக் காப்பாற்றியது: “உங்க நம்பர் உங்களுக்குத் தெரியுமோ இல்லியோ? அதுக்கே போட்டுப் பாருங்கோளேன்.”

என் போனுக்கே நான் போன் செய்தேன். நாலாவது தடவை எடுத்தார்கள். பின்னால் துடுப்புச் சத்தம், பறவைகள் சத்தம். கைடு இன்னொரு குழுவோடு படகில் இருந்தார். “எங்க போயிட்டீங்க மேடம், நான் உங்களத் தேடுறேன்” என்றார், ஆற்று நடுவிலிருந்து. அர்ச்சகர் போனை வாங்கி நல்ல காசி இந்தியில் நாலு வார்த்தை சொன்னார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் பை வந்தது. உள்ளே எல்லாம் பத்திரமாக இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. ஆனால் பையைக் கொடுப்பதற்கு முன் மீதி இரண்டாயிரம், ‘பாஸ்’ செலவு ஐந்நூறு என்று கை நீட்டினார். வாதாட எனக்குத் தெம்பில்லை. கொடுத்து அனுப்பினேன். தங்கிய இடத்தில் சாயங்காலம் போய்க் கேட்டதற்கு, அது உங்களுக்கும் கைடுக்கும் உள்ள விஷயம் என்றார்கள். முன்பணம் அவர்கள் நம்பருக்குத்தான் போயிருந்தது. அதைக் காட்டினால், “அது கமிஷன் மேடம்.” ஆக மொத்தம் நாலாயிரத்து ஐந்நூறு. அதற்குக் கிடைத்தது, இலவசமாக எல்லோரும் வரிசையில் போய்ப் பார்க்கிற ஒரு மரமும் ஒரு லைட் கம்பமும். இப்படி எழுதும்போது சிரிப்பு வருகிறது, அன்றைக்கு ராத்திரி போர்வைக்குள் அழுதேன்.

மறுநாள் நானாகவே போனேன். சரஸ்வதி காட் என்கிற படித்துறையில் படகு பேசினேன். படகுக்காரர்கள் முதலில் சொல்கிற விலையைக் காதில் வாங்காதீர்கள். முழுப்படகுக்கா, ஒரு ஆளுக்கா என்று கேளுங்கள். போக மட்டுமா, காத்திருந்து கூட்டி வரவுமா என்று கேளுங்கள். மூவாயிரம் என்று ஆரம்பித்தவர் எண்ணூறில் நின்றார், மற்றவர்களோடு சேர்ந்து போகிற படகென்றால் இன்னும் குறையும். லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். சங்கமத்தில் படகுகளைச் சேர்த்துக் கட்டி மேடை மாதிரி வைத்திருப்பார்கள், அதில் இறங்கிக் குளிக்கத் தனிப் பணம், பால் ஊற்றத் தனிப் பணம், தேங்காய்க்குத் தனிப் பணம். நீங்கள் விடுகிற தேங்காய் பத்தடி போவதற்குள் ஒரு பையன் வலையில் அள்ளி மறுபடி விற்பனைக்கு வைத்துவிடுவான். குளிர்காலத்தில் வெள்ளை வெள்ளையாகக் கடற்காகங்கள் ஆயிரக்கணக்கில் வந்து யமுனையில் மிதக்கும். அவற்றுக்குப் போட ஓமப்பொடிப் பொட்டலம் விற்பார்கள். வாங்க வேண்டாம், பறவைக்கு அது நல்லதில்லை.

கோட்டையை உண்மையில் பார்க்க வேண்டிய இடம் அந்தப் படகுதான். இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. மதில் தண்ணீரிலிருந்து நேராக எழும்புகிறது. வெள்ளம் ஏறி இறங்கின வருஷங்களெல்லாம் அதன் மேல் கோடு கோடாகப் படிந்திருக்கின்றன. அடிப்பகுதி கறுத்து, நடுவில் மஞ்சள் பூத்து, மேலே போகப் போகச் சிவக்கிறது. கற்களின் இடுக்கில் அரசங்கன்றுகள் முளைத்து வேர்விட்டிருக்கின்றன. வட்டமான கொத்தளங்கள் ஆற்றுக்குள் முன்தள்ளி நிற்கின்றன, ஒன்றைத் தாண்டினால் அடுத்ததின் நிழல் தண்ணீரில் விழுகிறது. முந்தின நாள் உள்ளே நின்று பார்த்த அட்சயவடத்தின் கிளை மதிலுக்கு மேலே தெரிகிறது. யமுனை அந்த இடத்தில் பச்சை, கொஞ்சம் தள்ளிக் கங்கை மண் நிறம், நடுவில் கோடு போட்ட மாதிரி இரண்டும் உரசிக்கொண்டு போகின்றன. இந்த இடத்தைப் பிடித்தவன் கையில் இரண்டு ஆற்றுப் போக்குவரத்தும் இருக்கும் என்பது வரைபடத்தில் புரியாது, தண்ணீரில் உட்கார்ந்தால் புரியும்.

நம்மவர்களுக்கு இந்த மதிலோடு இன்னொரு பந்தமும் உண்டு. 1857 ஜூனில் சிப்பாய்கள் இந்த ஊரில் எழுந்தபோது கோட்டை மட்டும் ஆங்கிலேயர் கையில் நின்றது. ஊரை மௌல்வி லியாகத் அலி குஸ்ரு பாக் தோட்டத்திலிருந்து நடத்தினார். கோட்டைக்குத் துணையாக வந்தது மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படை, தலைமை கர்னல் நீல். அதற்குப் பிறகு சுற்றுவட்டாரக் கிராமங்களில் அந்த ஆள் நடத்திய தூக்குகளும் தீவைப்பும் சரித்திரம் மறக்காதவை. அவனுக்குத்தான் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்திருந்தார்கள். 1927இல் அதை அகற்றக் கோரிச் சத்தியாகிரகம் நடந்து பலர் சிறை போனார்கள், 1937இல் ராஜாஜி அரசு வந்த பிறகுதான் சிலை அகற்றப்பட்டு எழும்பூர் மியூசியத்துக்குப் போனது. நீல் சிலையை நான் சின்ன வயசில் மியூசியத்தில் பார்த்திருக்கிறேன். அவன் காவல் காத்த மதிலை இப்படித் தண்ணீரிலிருந்து பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. எந்த கைடும் இதைச் சொல்ல மாட்டார், போவதற்கு முன் நாமே படித்துக்கொண்டு போனால்தான் உண்டு. குஸ்ரு பாக் ஜங்ஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தோட்டமும் ஜஹாங்கீர் குடும்பத்துச் சமாதிகளும் அழகு, தடுப்பும் கடிதமும் தேவையில்லை.

தூண் ஆசை மட்டும் அடங்கவில்லை என்றால் கௌசாம்பிக்குப் போங்கள். அசோகர் தூண் முதலில் அங்கேதான் இருந்தது, பிற்பாடு கோட்டைக்கு வந்தது என்பதுதான் அறிஞர்கள் பெரும்பாலோர் கருத்து. அந்த ஆணையே கௌசாம்பி அதிகாரிகளை விளித்துத்தானே எழுதப்பட்டிருக்கிறது. அங்கே இன்றும் ஒரு பழைய கல்தூண் தலையில்லாமல் திறந்தவெளியில் நிற்கிறது. அசோகர் ஆணை அதில் கிடையாது, பிற்காலத்தில் வந்து போனவர்கள் வெட்டிய எழுத்துகள் உண்டு. அலகாபாத் பல்கலைக்கழகத்தார் 1949 முதல் தோண்டி வெளிக்கொண்டுவந்த கோஷிதாராமம் என்ற பௌத்த மடத்தின் அடித்தளமும் செங்கல் மதில்களும் பார்க்கலாம். நான் போனபோது அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியும் நானும்தான். வேண்டிய மட்டும் நின்றேன், சுற்றினேன், ஒருவரும் தட்டு நீட்டவில்லை. சமுத்திரகுப்தன் கல்வெட்டின் வாசகத்தைக் கல்வெட்டறிஞர் ஃப்ளீட் 1888இல் பதிப்பித்தது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதைப் போனில் இறக்கிக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்து விஷ்ணுகோபன் வரியைப் படித்தேன்.

கௌசாம்பிக்குப் போக வர ஒரே காராகப் பேசிக்கொள்ளுங்கள், அங்கே திரும்பி வர வண்டி கிடைப்பது கஷ்டம். காத்திருப்புக் கட்டணம் சேர்த்தா, தனியா என்று கிளம்பும் முன்பே வாட்ஸாப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். சாப்பாடும் தண்ணீரும் கையில் இருக்கட்டும், தளத்தை ஒட்டிக் கடை எதுவும் என் கண்ணில் படவில்லை. குளிர்காலத்தில் போனால் நாலு மணிக்கெல்லாம் திரும்பக் கிளம்பிவிடுங்கள். ஐந்தரைக்கு மேல் அந்த ரோட்டில் பனி இறங்கிவிடுகிறது, எதிரே வரும் லாரியின் விளக்கு பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும்.